மஞ்சள் சேராத களிம்பு

என் மனைவிக்கு எக்ஸிமா. முழங்கை மடிப்பும் கழுத்தும் சிவந்து வெடித்துக் கிடக்கும். சொறிந்தால் நீர் வடியும். டாக்டர் கொடுத்த மருந்தைப் போடுவாள். ஆனால் மலேசியாவில், கிள்ளானில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோருமே டாக்டர்கள்தான். அதிலும் அவளுடைய அக்கா பெரிய டாக்டர். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்து, தேங்காய் எண்ணெயில் குழைத்து டப்பாவில் கொண்டுவருவார்.

"பச்சிலைதானே லா, என்னா செஞ்சிடப் போவுது?"

என்ன செய்தது என்பதை நான் பார்த்தேன். மஞ்சள் பட்ட இடமெல்லாம் தடித்துவிட்டது. ஃபேனுக்குக் கீழே கையை விரித்துக்கொண்டு அழுதாள். அக்கா மனம் நோகக்கூடாதென்று மறுவாரமும் பூசிக்கொண்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் டப்பாவைத் தூக்கிக் குப்பையில் போட்டேன்.

அதன்பிறகு களிம்பு வாங்குவது என் வேலையாயிற்று. பெட்டாலிங் ஜெயாவில் ஆபீஸ் முடிந்ததும் நேரே வீட்டுக்குப் போகாமல் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் நாட்டு மருந்துக் கடைக்குப் போவேன். "அண்ணே, இதுல மஞ்சள் இருக்கா?" என்று கேட்டுக் கேட்டே கடைக்காரர் உயிரை வாங்கினேன். கற்றாழை கொஞ்ச நாள் ஒத்துக்கொண்டது. பிறகு அதுவும் எரிந்தது. கடைசியில் வாசனை எதுவும் சேர்க்காத ஓட்ஸ் களிம்பு ஒன்று அமைந்தது. நோய் போகவில்லை. அரிப்பு அடங்கியது, அவள் தூங்கினாள். எனக்கு அது போதும்.

புது டப்பா வாங்கினால் முதலில் என் கையில்தான் தடவிப் பார்ப்பேன். "உங்க எருமத் தோலுக்கு என்னா தெரியும்?" என்று சிரிப்பாள். பிறகு குளித்த ஈரத்தோடு, கூந்தலை ஒதுக்கிக் கழுத்தைக் காட்டிக்கொண்டு உட்காருவாள்.

போன வருடம் ஒரு காலையில் மாரடைப்பு வந்து போய்விட்டாள்.

ஹாலில் கிடத்தியிருந்தார்கள். சுமங்கலியாகப் போகிறவளுக்கு முகத்திலும் கையிலும் மஞ்சள் பூசித்தான் அனுப்புவோம். அவளுடைய அக்கா கிண்ணத்தில் மஞ்சளைக் குழைத்துக்கொண்டு குனிந்தார். நான் எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வேணாங்கக்கா. அவளுக்கு எரியும்."

சுற்றியிருந்த பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டார்கள். அக்கா கையை உதறவில்லை. மஞ்சள் விரல்களோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இனிமே எரியாது தம்பி" என்றார்.

அதுவரை அவள் செத்துப்போனது எனக்கு உறைக்கவில்லை. நான் கையை விட்டேன்.