காற்றுக்கு ஒரு சாட்சி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் கடைசியில் எனக்கு வயிற்றில் புண் வந்தது. சென்னை நாளிதழ் ஒன்றுக்குக் காஞ்சிபுரத்துச் செய்திகளை அனுப்பிக்கொண்டிருந்த காலம். அனுப்பிய செய்திகளைவிடக் குடித்த காபி அதிகம். ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பால் கொடுத்தார்கள். பாலுக்கும் பாலுக்கும் நடுவே சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி ஒரு மருந்து.

பக்கத்துக் கட்டிலில் ஒரு பட்டு முதலாளி. இரண்டு தெருத் தறிகள் அவருக்காக ஓடின. ஓர் இழை பிசகினாலும் சேலையைத் திருப்பி அனுப்பிவிடுவார் என்று ஊரில் பேச்சு. அவருடைய வயிற்றுப் புண்ணில் ஓட்டையே விழுந்து, அவசரமாக ஆபரேஷன் செய்திருந்தார்கள். மூக்கில் ரப்பர் குழாய், கையில் டிரிப். நெற்றியில் விபூதி மட்டும் கலையவில்லை.

வார்டு நர்ஸ் ஐயம்பேட்டைப் பெண். வயிற்று ஆபரேஷன் ஆனவர்களிடம் தினமும் காலையில் அவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்.

"காத்து பிரிஞ்சுதாங்களா?"

குரலைத் தாழ்த்திக் கேட்கும் பழக்கம் அவருக்கு இல்லை. ஆபரேஷனுக்குப் பிறகு குடல் தூங்கிவிடுமாம். அது விழித்துக்கொண்டதற்குக் காற்றுதான் அடையாளம். அதுவரை ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்துகொண்ட ஓரிக்கை விவசாயி ஒருவர், "ஆச்சு சிஸ்டர், ரெண்டு தபா!" என்று கூவியபோது வார்டே அவரைப் பாராட்டியது. முதலாளி மட்டும் கேள்வி வந்தாலே கண்ணை மூடிக்கொள்வார்.

மூன்றாம் நாள் விடியற்காலை, ஆறு மணிச் சங்கு ஊதி ஓய்ந்ததும் அவர் கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சின்னதுதான், ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாதது. திரும்பினேன். அவரும் என்னைப் பார்த்தார். பிறகு உடம்பை அசைத்துக் கட்டிலைக் கிரீச்சிட வைத்தார். அந்தச் சத்தம் வேறு மாதிரி இருந்தது.

எட்டு மணிக்கு நர்ஸ் கேட்டார்.

"இல்லம்மா" என்றார் முதலாளி.

டாக்டர் வந்து அவர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். சாயங்காலத்துக்குள் காற்று பிரியாவிட்டால் குடலில் அடைப்பு இருக்கலாம், மறுபடி திறந்துதான் பார்க்க வேண்டும் என்று நர்ஸிடம் ஆங்கிலத்தில் சொன்னார். முதலாளிக்கு ஆங்கிலம் தெரியாது. அவர்கள் போனதும் நான் தமிழில் சொன்னேன்.

"திறக்கட்டும்" என்றார். "மயக்க மருந்துல மானம் அவமானம் ஒண்ணும் தெரியாது."

"காலையில எனக்குக் கேட்டுதுங்களே."

"கட்டில் சத்தம் சார் அது." பிறகு குரலைத் தாழ்த்தி, "வெளியில சொல்லிடாதீங்க" என்றார்.

செய்தி சொன்னவரைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பது என் தொழில் தர்மம். செய்தி இப்படி வந்தால் என்ன செய்வது என்று யாரும் எனக்குக் கற்றுத்தரவில்லை. சொல்லாமலிருந்தால் ஒரு மனிதரை வீணாக இரண்டாம் முறை அறுப்பார்கள். சொன்னால் அவர் ஊரில் தலைகாட்ட மாட்டார்.

நான்கு மணிக்கு அவருடைய நெசவாளர்கள் ஐந்து பேர் வந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். நல்ல நேரம் பார்த்து நர்ஸும் வந்து சேர்ந்தார்.

"இன்னாங்க ஐயா, இன்னுமா பிரியல?"

"இல்ல."

ஒரு நெசவாளர் பதறினார். "இன்னா சிஸ்டர், மொதலாளியப் போய் இப்படிக் கேக்கறீங்க?"

"மொதலாளி கொடலுக்கு அவரு மொதலாளின்னு தெரியுமாப்பா?" என்ற நர்ஸ் என் பக்கம் திரும்பினார். "சார், நீங்கதான் தூங்காம முழிச்சிக்கினே கெடக்கறீங்க. எதனா கேட்டுச்சா?"

ஏழு பேர் என்னைப் பார்த்தார்கள். முதலாளியின் பார்வை கெஞ்சியது.

"காலையில ஆறு மணிச் சங்குக்கு அப்புறம்" என்றேன். "ஒரு தடவை. ரெண்டு செகண்ட் இருக்கும்."

முதலாளி சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிரிப்பு வரும் என்று காத்திருந்தார் என நினைக்கிறேன். வரவில்லை. நெசவாளர்களில் மூத்தவர் கைகளைத் தலைக்குமேல் குவித்தார். "ஏகாம்பரநாதா! மூணு நாளா இதுக்குத்தாங்க மொதலாளி வேண்டிக்கினு இருந்தோம்." இன்னொருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உலகத்தில் எந்தக் காற்றுக்கும் இத்தனை மரியாதை கிடைத்திருக்காது.

நர்ஸ் அவர் வயிற்றில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். "உள்ள சந்தைக் கடை மாதிரி இருக்குது. வெக்கப்பட்டே மறுபடி கத்தி வாங்க இருந்தீங்களே ஐயா!" கட்டில் சீட்டில் 'காலை ஆறு மணி, ஒன்று' என்று எழுதிவிட்டு, டாக்டரிடம் ஓடிப்போய்க் கேட்டுவந்து, ஒரே ஒரு கரண்டி வெந்நீர் கொடுத்தார். முதலாளி அதைத் தீர்த்தம் போல வாங்கிக்கொண்டார். மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

விளக்குப் போடும் நேரம். நர்ஸ் வார்டின் மறுகோடியில் யாருக்கோ ஊசி போட்டுக்கொண்டிருந்தார். முதலாளி சுவரைப் பார்த்தபடியே, தறிக்காரர்களைக் கூப்பிடும் அதே குரலில் கூப்பிட்டார்.

"சிஸ்டர், எழுதிக்கம்மா. இன்னொண்ணு."