மலைக்குக் கேட்கும் தொண்டை

என் தொண்டையைப் பற்றி ஊரில் யாரும் நல்லபடியாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. சோளக்காட்டில் கிளி விரட்டி வளர்ந்த தொண்டை அது. நான் ஒரு குரல் கொடுத்தால் எங்கள் காட்டுக் கிளிகளோடு பக்கத்துக் காட்டுக் கிளிகளும் சேர்ந்து பறந்துவிடும். மாதா கோயிலில் ஞாயிறு பூசைக்குப் பாடும் குழுவில் என்னைச் சேர்த்த சிஸ்டர், இரண்டாவது வாரமே என் காதோடு, “நீ வாயை மட்டும் அசைம்மா, போதும்” என்று சொல்லிவிட்டார். பொட்டைப் பிள்ளைக்கு இவ்வளவு சத்தம் ஆகாது என்பது அப்பாவின் கட்சி. நான் யார் கட்சியிலும் சேரவில்லை. கத்திக்கொண்டே இருந்தேன்.

அந்தத் தொண்டைக்கு மரியாதை கொடுத்த ஒரே மனிதர் ஏழாம் வகுப்பு அறிவியல் சார்தான்.

பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கத்தில் இருந்தது எங்கள் பள்ளிக்கூடம். ஜன்னலைத் திறந்தால் சித்தேரி மலை தெரியும். சார் வகுப்பில் ஒரு சட்டம் உண்டு. யார் பேசினாலும் எழுந்து நின்று, அவர் முகத்தைப் பார்த்து, அந்த மலைக்குக் கேட்கிற மாதிரிப் பேச வேண்டும். முனகினால் பதில் கிடையாது. “என்ன சாமி, ரகசியமா? மலைக்குக் கேக்கலையே” என்பார். சரியாகக் கத்திவிட்டால் மொத்த வகுப்பும், “மலைக்குக் கேட்டிருச்சுங்க சார்!” என்று கூவும். பக்கத்து வகுப்பு டீச்சர் தலையில் அடித்துக்கொள்வார். எங்களுக்கு அதுதான் திருவிழா.

எவ்வளவு சொன்னாலும் குரல் எழும்பாத பிள்ளைகளுக்காகச் சார் ஒரு பதவியை உண்டாக்கினார். அதற்குப் பேர் மைக். பதவி எனக்கு. யாராவது முனகினால், “மைக்கு!” என்று என்னைப் பார்த்துக் கை காட்டுவார். அவர்கள் சொன்னதை நான் எழுந்து திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னதை அப்படியே சொன்னால் அதில் எனக்கு என்ன பெருமை? கொஞ்சம் உப்புக் காரம் சேர்ப்பேன். ஒருநாள் ஒரு பையன் ஒன்றுக்குப் போக வேண்டும் என்று முனகினான். நான் எழுந்தேன். “சார், இவன் காலைல மூணு சொம்பு கூழு குடிச்சிட்டு வந்துருக்கானுங்க. வெளிய வுடலைன்னா ஏரி ஒடைஞ்சிரும்ங்க!”

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. சார் எங்கள் முகங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு அவரும் சிரித்து, போ போ என்று அவனுக்குக் கை காட்டினார். அவர் எப்போதும் எல்லோருக்கும் கடைசியாகத்தான் சிரிப்பார். என் பேச்சை நன்றாக மென்று ருசித்துவிட்டுச் சிரிக்கிறார் என்று எனக்கு அதில் தனிக் கர்வம்.

அப்படி இருக்கும்போது தருமபுரியிலிருந்து அதிகாரி ஒருவர் வகுப்புகளைப் பார்க்க வருகிறார் என்றார்கள். முதல் நாளே பெரிய டீச்சர், அதாவது தலைமை ஆசிரியை, என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “நாளைக்கு வாயைத் தொறந்த, உங்கப்பனைக் கூட்டியாந்தாத்தான் உனக்குப் பள்ளிக்கூடம்.” அப்பா ஏற்கெனவே என் வாயால் அங்கே வந்து நின்றவர். “இன்னொரு வாட்டி என்னைக் கூப்புட்டாங்கன்னா, படிச்சது போதும்னு காட்டுக்கே வந்துரு” என்று சொல்லியும் வைத்திருந்தார். சொன்னால் செய்கிற ஆள். அதனால் நான் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டுதான் அன்று போனேன்.

அதிகாரி மெலிந்த மனிதர். குரல் அதைவிட மெலிசு. எங்களுக்குப் பின்னால் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். பெரிய டீச்சர் வாசலில் நின்றார். சார் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வெப்பம் எப்படிப் பரவுகிறது என்று போர்டில் படம் வரைந்துகொண்டிருந்தார். அப்போது அதிகாரி உட்கார்ந்தபடியே ஏதோ கேட்டார். சார் திரும்பவில்லை. மறுபடியும் கேட்டார். சார் பாட்டுக்குப் படத்துக்கு அம்புக்குறி போட்டார். அதிகாரி பேனாவின் மூடியைக் கழற்றினார். பெரிய டீச்சரின் முகம் சுண்டிப்போனது.

எனக்கு மட்டும் உடம்பெல்லாம் பூரிப்பு. எழுந்து நிற்கவில்லை, முகத்தைப் பார்க்கவில்லை, மலைக்கும் கேட்கவில்லை. அதிகாரியே ஆனாலும் சார் எப்படிப் பதில் சொல்வார்? சட்டம் என்றால் சட்டம்தான். ஆனால் முனகுகிறவர்களுக்கு மைக் இருக்கிறதே. நான் சும்மா இருந்தால் என் பதவி எதற்கு? எழுந்தால் படிப்புப் போய்விடும். காடும் கிளியும் கண்முன்னால் வந்தன. ஆனாலும் எழுந்துவிட்டேன்.

“சார்! பின்னாடி குந்தியிருக்கற ஐயா, இந்தச் சோதனையெல்லாம் எங்களுக்குச் செஞ்சு காட்னீங்களான்னு கேக்கறாருங்க! ரெண்டு வாட்டி கேட்டுட்டாருங்க. மலைக்குக் கேக்கலைங்க!”

சார் திரும்பினார். வகுப்பு சிரிக்கலாமா வேண்டாமா என்று தவித்தது. அவர் என்னைப் பார்த்தார், அதிகாரியைப் பார்த்தார், மெதுவாகச் சிரித்தார். “ஐயா மன்னிக்கணும். இங்க யாரா இருந்தாலும் எழுந்து நின்னு, மலைக்குக் கேக்கற மாதிரிப் பேசணும்ங்க. பசங்க கூச்சம் போறதுக்காக வெச்ச சட்டம்ங்க.”

அதிகாரிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எழுந்து நின்று, கழுத்து நரம்பு புடைக்க அதே கேள்வியைக் கத்தினார். “மலைக்குக் கேட்டிருச்சுங்க சார்!” என்று நாங்கள் கூரை அதிரக் கூவினோம். பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டு, வகுப்பு இப்படித்தான் இருக்க வேண்டும் என்று பாராட்டிவிட்டுப் போனார்.

பெரிய டீச்சர் மட்டும் என்னை அறைக்குக் கூப்பிட்டார். அப்பாவின் முகத்தை நினைத்துக்கொண்டு நின்றேன். பின்னாலேயே சார் வந்தார்.

“புள்ளையை ஒண்ணும் சொல்லாதீங்க மேடம். அது வாயைத் தொறக்கலைன்னா நான் எப்படிங்க பாடம் நடத்தறது?”

சார் ஜோக் அடிக்கிறார் என்று நான் களுக்கென்று சிரித்தேன். அவர்கள் இருவரும் சிரிக்கவில்லை. பெரிய டீச்சர் அவரை வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னிடம், முன்பு கேட்டிராத ஒரு குரலில், “போ கண்ணு. நாளையிலிருந்து மொதல் பெஞ்சுல உக்காரு” என்றார். அப்பாவுக்கு ஆள் போகவில்லை. என் படிப்பும் நிற்கவில்லை.

போன மாதம், வயதாகிப்போன அப்பாவைக் காது பரிசோதனைக்குத் தருமபுரிக்குக் கூட்டிப்போனேன். அங்கிருந்த பெண் வழக்கமான கேள்விகளைக் கேட்டாள். டிவி சத்தத்தைக் கூட்டி வைக்கிறாரா? முகத்தைப் பார்த்துப் பேசச் சொல்கிறாரா? நாலு பேர் சிரித்தால், அவர்களைப் பார்த்துவிட்டுக் கடைசியாகச் சிரிக்கிறாரா?

“ஆமாங்க” என்று சொல்ல வாயைத் திறந்தேன். மலைக்குக் கேட்கும் தொண்டையிலிருந்து முனகல்தான் வந்தது. சாரின் பார்வை எங்கள் முகங்களை ஒரு சுற்றுச் சுற்றி வருவது கண்ணில் தெரிந்தது. எங்களுக்குத் திருவிழாவாக இருந்தது அவருக்குப் பிழைப்பாக இருந்திருக்கிறது.

அதிகாரி வந்துபோன அன்று சாயங்காலம் கிளி விரட்டிக்கொண்டே அம்மாவிடம் அளந்துகொண்டிருந்தேன். “எங்க சாரு எவ்வளவு தைரியம் தெரியுமாம்மா? பெரிய ஆபீசரே ரெண்டு வாட்டி கேட்டும் திரும்பியே பாக்கலையே!”