மாடியில் அடித்த கெட்டிமேளம்

ஐந்தாம் வகுப்போடு எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் தீர்ந்துபோனது. ஆனால் பந்தலில் எந்த மூலையில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டினால் எந்த ஊர் வரைக்கும் கேட்கும் என்று என்னைக் கேளுங்கள், தூக்கத்தில்கூடச் சொல்வேன். சைக்கிள் கேரியரில் ஆம்ப்ளிபயரை வைத்துக்கட்டி, திருவிடைமருதூர் சுற்றுவட்டாரத்தில் போகாத கல்யாணம் இல்லை. இன்றைக்கு ஆற்றங்கரையில் நிற்கிற மாடி வைத்த மண்டபம் என்னுடையது. செங்கல் செங்கல்லாகக் கட்டினேன் என்று மற்றவர்கள் சொல்வார்கள். நான் மைக் மைக்காகக் கட்டினேன்.

அந்த மாடி அறையில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கூடுவோம். பாடுகிறவர்கள் இல்லை, கேட்கிறவர்கள். ஒரே சட்டம்தான். அந்த மாதம் திரும்பத் திரும்பக் கேட்டது எதுவோ அதைப் போட்டுக் காட்டவேண்டும், ஏன் கேட்டோம் என்று சொல்லவேண்டும். 'நல்லா இருந்துச்சு' என்றால் செல்லாது. இந்தச் சட்டத்தைப் போட்டவர் வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வுபெற்ற சார். தஞ்சாவூரிலிருந்து காரில் வருவார். காதை முழுக்க மூடுகிற ஹெட்போனைக் கழுத்தில் மாலை மாதிரிப் போட்டுக்கொண்டுதான் இறங்குவார்.

போன மார்கழிக் கூட்டத்தில், அடுத்த முறை கெட்டிமேளம் கொண்டுவருகிறேன் என்று சொன்னேன். சார் சிரித்துவிட்டார்.

"முதலாளி, அது சங்கீதம் இல்ல, சைகை. கேட்டா அட்சதை போடுறோம், அவ்வளவுதான். ரயில்வே கேட்ல மணி அடிக்கிற மாதிரி."

"சார், நான் கேட்ட மாதிரி நீங்க கேட்டதில்ல."

"சரி, காரணத்தோட சொல்லி எங்களை ஒத்துக்க வைங்க. முடியலைன்னா அதுக்கடுத்த மாசத்துலேருந்து எங்க வீட்டு மாடி. ஏசி இருக்கு, சத்தமும் வெளியே போகாது."

இரண்டு மூன்று தலைகள் 'அதுவும் சரிதான்' என்று ஆடின. படித்தவர்களும் பட்டம் வாங்கியவர்களும் என் படியில் ஏறி, என் ஸ்பீக்கருக்கு முன்னால் வாய்மூடி உட்காருகிறார்கள். அதைத் தஞ்சாவூர் ஏசிக்குக் கொடுத்துவிடுவேனா?

தை மாதக் கூட்டத்தன்று கீழே ஒரு கல்யாணம். முகூர்த்த நாளில் மண்டபத்தைச் சும்மா போட என்னால் முடியாது. பெண்ணின் அப்பாவிடம், "மேல கொஞ்ச பேரு பாட்டு கேப்போம், கதவைச் சாத்திக்குவோம்" என்று சொல்லியிருந்தேன். என் கெட்டிமேளத்துக்குச் சாதாரண ஸ்பீக்கர் போதாது என்று ஆளுயரப் பெட்டிகள் இரண்டை மாடிக்கு ஏற்றியிருந்தேன்.

முதலில் போட்டது தரங்கம்பாடியிலிருந்து வருகிறவள், எங்கள் எல்லோருக்கும் தங்கச்சி. மீன் வியாபாரம் செய்கிறவள். போன் நிறைய அம்மன் பாட்டு வைத்திருப்பாள், அன்றைக்கோ சர்ச்சில் பாடுகிற கோஷ்டியைப் போட்டாள்.

"ஏலம் முடிஞ்சு கூடையோட வர்றப்ப உள்ள பாடிப் பழகுவாங்க அண்ணே. நாலு விதமான குரலு, நாலும் வேற வேற எடத்துல பிடிச்சிருக்கும். ஆனா இழுவை ஒண்ணு. எங்காளுக வலை இழுக்குற மாதிரியே இருக்கும். அதான் நின்னு கேக்குறேன்."

கை தட்டினோம். அடுத்து நான். கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்தினேன். போன ஆவணியில் பூம்புகார்ப் பக்கம் ஒரு கல்யாணத்தில், சமையல்கட்டுப் பக்கமாக நின்று போனில் நானே பிடித்த ரெக்கார்டிங். போட்டேன். யாரோ ஒருவர் "கெட்டிமேளம், கெட்டிமேளம்!" என்று கத்துவதில் தொடங்கி, இரண்டு தவிலும் நாயனமும் இடியாய் இறங்கின. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எனக்குப் பரம சந்தோஷம்.

வாழ்நாள் முழுக்கச் சத்தத்தை வெளியே அனுப்பியே பிழைத்தவன் நான். உள்ளே அடைத்துப் பழக்கமில்லை. கதவைச் சாத்தினால் போதும் என்று நினைத்துவிட்டேன்.

கீழே தாலித் தட்டு அப்போதுதான் சபையில் ஆசீர்வாதத்துக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. கடைசி வரிசையில் ஒரு அம்மா அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தாராம். மேலேயிருந்து கெட்டிமேளம் இறங்கியதும் யாரும் யோசிக்கவில்லை. மொத்தச் சபையும் அட்சதையை வீசிவிட்டது. அதைவிடக் கூத்து, கீழேயிருந்த தவில்காரருக்கும் கை தானாகப் போய்விட்டது. அவரும் வெளுத்து வாங்க, புரோகிதர் மைக்கில் அலறினார்: "நிறுத்துங்கோ! தாலி இன்னும் வரலை! தாலி எங்கே?"

நாங்கள் ஓடிப்போய், கீழே மணவறையைப் பார்த்திருந்த ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தோம். தலை நிறைய மஞ்சள் அரிசியோடு, வெறும் கையை நீட்டியபடி மாப்பிள்ளை விழித்துக்கொண்டிருந்தார். பெண் குனிந்த தலை நிமிரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. அழுகிறதோ என்று பயந்தேன். சிரிப்பு!

பெண்ணின் அப்பா மூச்சிரைக்கப் படியேறி வந்தார்.

"ஏங்க, மண்டபத்தைத்தானே வாடகைக்கு எடுத்தோம்? தாலி கட்டுறதையும் நீங்களே பாத்துக்குவீங்களா?"

"தப்புத்தாங்க, மன்னிச்சுக்குங்க."

"சகுனம் என்னங்க ஆகுறது?"

எனக்கு முந்திக்கொண்டு தங்கச்சி சொன்னாள்: "அண்ணே, ஊருல எல்லாருக்கும் ஒரு கெட்டிமேளம். உங்க பொண்ணுக்கு ரெண்டு. கொடுத்து வெச்ச பொண்ணுங்க!" அவருக்கு உதடு ஓரத்தில் சிரிப்பு வந்துவிட்டது. ஸ்டோர் ரூமிலிருந்து அரிசியும் மஞ்சளும் எடுத்துக்கொள்ளச் சொல்லிச் சாவியைக் கொடுத்தேன். இறங்கிப் போனார்.

சார் சாய்ந்து உட்கார்ந்தார். "பாத்தீங்களா முதலாளி? காதுல விழுந்துச்சு, கை வீசிடுச்சு. நான் சொன்னதை நீங்களே நிரூபிச்சுட்டீங்க. சைகைதான். அடுத்த மாசம் நம்ம வீடு."

என் பெட்டி, என் மண்டபம், என் கெட்டிமேளம், மூன்றும் சேர்ந்து என்னையே கவிழ்த்துவிட்டன. கீழே அட்சதையைக் கலந்து திரும்பக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் தாலி கட்டுவதைப் பார்க்க ஜன்னலில் முட்டினார்கள். அதைப் பார்த்ததும் பளிச்சென்று வந்தது பாருங்கள்!

"சார், பாக்காதீங்க! எல்லாரும் இப்படி வாங்க. செவுத்தைப் பாத்து நில்லுங்க."

"என்னது?"

"நான் ஒரு கல்யாணத்துலயும் தாலி கட்டுறதைப் பாத்ததில்ல சார். ஆம்ப்ளிபயரு எப்பவும் பந்தலுக்குப் பின்னாடி. கீத்துத் தட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு ஸ்டூலு, அதுல நானு. மேளத்தை மட்டுந்தான் கேட்டேன். என் கல்யாணத்துலதான் தாலியப் பாத்தேன். அன்னிக்கு மேளமே காதுல விழல. நீங்கல்லாம் வாழ்நாள் முழுக்க அப்படித்தான் கேட்டிருக்கீங்க. ஒரு தடவை என் ஸ்டூல்லேருந்து கேளுங்க!"

தங்கச்சி முதலில் திரும்பினாள். ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். சாரும் முணுமுணுத்துக்கொண்டே சுவரைப் பார்த்து நின்றார், தண்டனை வாங்கிய பையன் மாதிரி.

கீழே நாயனம் ஏதோ கீர்த்தனையில் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. "கெட்டிமேளம்!" என்றார் புரோகிதர். வரியின் நடுவில் நாயனம் பாட்டை அப்படியே விட்டது. ஒரு மூச்சு இடைவெளி. அந்தப் பள்ளத்தில் தவில் விழுந்தது. மடை திறந்த வாய்க்கால் மாதிரி அத்தனையும் சேர்ந்து வந்தது. முடித்ததும், எந்த இடத்தில் விட்டாரோ அதே இடத்தில் நாயனக்காரர் பாட்டைத் தொட்டு எடுத்தார்.

சார் திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடியே கேட்டார்:

"நடுவுல ஒரு மூச்சு விட்டாரே, அது..."

"அதான் சார்! அதேதான்! அந்த ஒரு மூச்சுக்காகத்தான் இதைத் திருப்பித் திருப்பிக் கேக்குறேன்!" என் சத்தம் கீழே கேட்டிருக்கும். கேட்கட்டும்.

பந்தி முடிந்து வெற்றிலைச் சிவப்போடு தவில்காரர் மேலே வந்தார். "யாருண்ணே அது மேல வாசிச்ச ஆளு? என் கையையே இழுத்துட்டான். இன்னொருக்கா போடுங்க."

இந்த முறை சத்தத்தைக் குறைத்து வைத்துப் போட்டேன். பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கேட்டார். முடிந்ததும் எங்கள் சட்டப்படி சார் அவரைக் கேட்டார்: "ஏன் திரும்பக் கேக்கணும்னு தோணுச்சு?"

"வாசிக்கிறப்ப மாப்பிள்ளை கையிலதான் சார் எங்க கண்ணு. முடிச்சு விழுதா, விழுதான்னு. கெட்டிமேளத்தை உக்காந்து கேட்டது இன்னிக்குத்தான்."

சார் எழுந்து காருக்குப் புறப்பட்டார். ஹெட்போனை நாற்காலியிலேயே மறந்துவிட்டார். எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

"அடுத்த மாசம் எத்தனை மணிக்கு சார் உங்க வீட்டுக்கு வரணும்?" என்று வேண்டுமென்றே கேட்டேன்.

"கிண்டலா? இங்கதான் வர்றேன். ஆனா அடுத்த மாசம் கீழே கல்யாணம் இருந்தா முன்னாடியே சொல்லிடுங்க."

"எதுக்கு சார்?"

"சீக்கிரம் வந்து செவுத்தோரம் நல்ல எடமா பிடிக்கணும்" என்றார்.