கம்ப்யூட்டரைக் கட்டிய மதியம்

நைனா இருந்தார். அம்மா இருந்தாள். இன்டர், அதாவது பிளஸ் டூ, முடித்த அக்கா இருந்தாள். அம்மாவின் தம்பி, என் மாமா, இருந்தார். மூன்றாவது படித்த நான் இருந்தேன். நடுவில் மேஜைமேல் கம்ப்யூட்டர் இருந்தது. அதுதான் எழுந்திருக்க மாட்டேன் என்றது.

சித்தூரில் ஒரு மாம்பழக்கூழ் கம்பெனி ஆபீசில் கழித்துப் போட்டதை நைனா வாங்கி வந்திருந்தார். பட்டனை அழுத்தினால் உள்ளே காற்றாடி சுற்றும். கீ கீ கீ என்று மூன்று தரம் கத்தும். திரை கருப்பாகவே இருக்கும். பக்கத்துத் தகட்டில் திருகாணி இல்லை, ஆடும். சில நாள் எறும்பு வரும்.

எந்தெந்த இன்ஜினியரிங் காலேஜ் வேண்டும் என்று அக்கா அன்றைக்கு ஐந்து மணிக்குள் நெட்டில் போட்டாக வேண்டும். கடைசி நாள். புத்தூர் நெட் சென்டருக்குப் போகலாமென்றால் அன்று பந்த். பஸ் இல்லை, கடை இல்லை. நைனா முன்பே சொல்லிவிட்டார். சீட் கிடைத்தால் படிப்பு. கிடைக்காவிட்டால் ஆவணியில் மாமாவோடு கல்யாணம். அக்காவுக்குப் படிக்க ஆசை. மாமாவுக்கு என்ன ஆசை என்று யாரும் கேட்கவில்லை. முந்தின நாளே புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்து தங்கியிருந்தார்.

மாமா அரக்கோணத்துக்காரர். ஸ்ரீசிட்டியில் கம்பெனி வேலை. வந்து ஒரு வருஷம். தெலுங்கு தெரியாது என்பார். கம்ப்யூட்டர் தெரியும் என்பார்.

மணி மூன்று. ஆட்டோ ஏதாவது வருமா என்று அக்கா ரோட்டுக்கு ஓடினாள். மாமா திருப்பதியில் இருந்த ரிப்பேர்க்காரருக்குப் போன் போட்டார். நான் அவர் முழங்கையை ஒட்டி நின்றேன். அந்த மனிதர் கத்திப் பேசுகிறவர். எனக்கும் கேட்டது.

"கட்டேசி மள்ளா வெய்யி."

மாமா போனை வைத்தார்.

"கட்டணுமாம் மச்சான்" என்றார் நைனாவிடம்.

"இன்னாத்த?"

"கம்ப்யூட்டரத்தான். கயிறு இருக்குதா?"

நைனா கயிறு தேட மாட்டுக்கொட்டகைக்குப் போனார். எனக்குச் சந்தேகம். எங்களுடையது தெலுங்குப் பள்ளிக்கூடம். சார் ஃபேனைக் கட்டேய் என்றால் நாங்கள் ஸ்விட்சை நிறுத்துவோம்.

"மாமா, கட்டேய்னா நிறுத்தறது. நிறுத்திட்டு மறுபடி போடச் சொல்றாரு."

"நீ பேசறது பள்ளிக்கூடத்துத் தெலுங்குடி. இது கம்ப்யூட்டர் தெலுங்கு."

பெரியவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

மாட்டுக்கயிறு வந்தது. மாமா கட்ட ஆரம்பித்தார். ஒரு சுற்று, ஒரு முடிச்சு. தள்ளி நின்று பார்ப்பார். தலையை ஆட்டுவார். இன்னொரு சுற்று, இன்னொரு முடிச்சு. நடுவில் காபி கேட்டார். ஆற்றி ஆற்றிக் குடித்தார். மணி நாலேகால்.

"ஏன்டா, தாலிக்கே மூணு முடிச்சுதான். அது இன்னா மாடா, ஓடிப் போறதுக்கு?" என்றார் நைனா.

"சும்மா இரு மச்சான். இது நுணுக்கமான வேலை."

அக்கா ஆட்டோ கிடைக்காமல் திரும்பி வந்தாள். கயிற்றைப் பார்த்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"தள்ளுடா. எம்மா நேரம் கட்டிக்கினு இருப்ப?"

மாமாவை ஒதுக்கிவிட்டுக் கயிற்று முனையைப் பிடித்தாள். கம்ப்யூட்டர்மேல் முழங்காலை ஊன்றி ஓர் இழுப்பு. வைக்கோல் கட்டை இறுக்குகிற இழுப்பு. தகடு நெளிந்தது. உள்ளே டக் என்றது.

"போடுடி" என்றாள் என்னிடம்.

அழுத்தினேன். ஒரே ஒரு கீ. திரையில் வெளிச்சம் வந்தது.

உள்ளே ஏதோ அட்டை ஆடிக்கொண்டு இருந்திருக்கும், இறுக்கியதில் உட்கார்ந்திருக்கும் என்று ரிப்பேர்க்காரர் பின்னால் போனில் சொன்னார். அப்போது அதெல்லாம் யாருக்குத் தெரியும்? நைனா மாமாவின் முதுகில் அறைந்து, "கில்லாடிடா நீ!" என்றார். அக்கா மாமாவின் காலிலேயே விழுந்தாள். மாமா அவளைப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார். "நல்லாப் படி" என்றார். மறுபடி காபி கேட்கவில்லை.

வீட்டுப் போன் வயரைச் சொருகி நெட் பிடித்து, ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அக்கா முடித்தாள். சீட் திருப்பதியிலேயே கிடைத்தது. மாமாவுக்கு அரக்கோணத்தில் பெண் எடுத்தார்கள். அந்த அத்தை நல்ல அத்தை.

கம்ப்யூட்டரைக் கட்டிய மறுநாள் மாமாவைப் பஸ் ஏற்ற நானும் போனேன். டீக்கடையில் டிவி அலறியது. மாமாவுக்குப் போன் வந்தது.

"அன்னா, டிவி கட்டேய், போன் மாட்லாடாலி" என்றார் கடைக்காரரிடம். போன் பேசட்டும் என்று கடைக்காரர் டிவியை நிறுத்தினார்.

ஒரே ராத்திரியில் மாமா தெலுங்கு கற்றுக்கொண்டாரே என்று எனக்கு ஆச்சரியம். வீட்டுக்கு ஓடிவந்து பெருமையாகச் சொன்னேன். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எதற்கு என்று தெரியாமல் நானும் சிரித்தேன்.

கயிற்றை அவிழ்க்க நைனா கடைசிவரை விடவில்லை. இந்தப் போகிக்குப் பரண் சுத்தம் பண்ணும்போது கம்ப்யூட்டரை இறக்கினேன். கட்டு அப்படியே இருந்தது. உட்கார்ந்து முடிச்சுகளை எண்ணினேன்.

பதினேழு.