சாமிக்கு என்று வாங்கிய மல்லிகை

கணவர் போன பிறகு நான் பூ வாங்கியதில்லை. பெருங்களத்தூர் ஸ்டேஷன் பக்கத்தில் இரண்டு முழம் மல்லிகை கேட்டபோது, பழக்கப்பட்ட பூக்காரி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"யாருக்கும்மா?"

"சாமிக்கு."

மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும் போனேன்.

"உங்கூட்டு சாமி குடுத்து வெச்சவரும்மா. தெனம் மல்லிதான் கேக்குறாரு," என்று சிரித்தாள். நான் பூவைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

பூ சாமிக்குப் போகவில்லை. வலது மார்பின்மேல் வைத்து, கிழிந்த புடவைத் துணியால் இறுக்கிக் கட்டி, அதன்மேல் ரவிக்கை போட்டுக்கொண்டேன். சில வாரமாகக் காம்பிலிருந்து நீர் கசிந்துகொண்டிருந்தது. பேரன் காலேஜுக்குப் போகிற வயதில் பிள்ளை பெற்றவள் போல ரவிக்கை நனைகிறதே என்று உடம்பெல்லாம் கூசியது. நோய் என்று தோன்றவில்லை, அசிங்கம் என்றுதான் தோன்றியது. மகனுக்குப் பால் மறக்கடித்தபோது மல்லிகை கட்டித்தான் பால் வற்றியது. இதுவும் அப்படியே வற்றிவிடும் என்று நம்பினேன். ஒரு நாள் பூவைப் பிரித்தபோது சிவப்பாக இருந்தது.

அன்று ரவிக்கையைத் தனியாக ஊற வைத்ததை மருமகள் பார்த்துவிட்டாள்.

"மெஷின் இருக்கும்போது எதுக்கு அத்தை கையால கசக்குறீங்க?"

"பழக்கம்மா."

அவள் பக்கெட்டில் கையை விட்டு எடுத்தாள். கறை போகவில்லை. வாடின பூ ஒன்று கொக்கியில் சிக்கியிருந்தது. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"எத்தனை நாளா அத்தை?" என்று மட்டும் கேட்டாள்.

"அவன்கிட்ட சொல்லாதே," என்றேன்.

தாம்பரத்தில் லேடி டாக்டர் பார்க்கிற ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். ரவிக்கையைக் கழற்றினபோது, பூ அழுந்தின தடம் தோலில் வரிவரியாக இருந்தது. நர்ஸ் குனிந்து பார்த்தாள்.

"மல்லியா பாட்டி? கொழந்தைய எங்க விட்டுட்டு வந்தீங்க?"

பாவம், விளையாட்டாகத்தான் கேட்டாள். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது.

ஸ்கேன் எடுத்தார்கள். ஊசி போட்டுக் கொஞ்சம் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்ததும் டாக்டர் கூப்பிட்டார்.

"கேன்சர் இல்ல பாட்டிமா. பால் போற குழாய்க்குள்ள சின்னதா ஒரு கட்டி. ஆனா அதுல சில செல்லு சரியில்ல. எடுத்துடறது நல்லது."

"கேன்சர் இல்லேன்னா எதுக்கும்மா வெட்டணும்?"

"எடுத்து முழுசா பாத்தாதான் நிச்சயமா சொல்ல முடியும். இந்த மாதிரி செல்லு இருக்கிறவங்களுக்குப் பின்னாடி கேன்சர் வர வாய்ப்பு கூட. அதனால ஆபரேஷனுக்கு அப்புறமும் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வந்து காட்டணும்."

வெட்டுவதற்குச் சம்மதித்தேன். மயக்கத்தில் யார் பார்த்தாலும் எனக்குத் தெரியப்போவதில்லை. வந்து காட்ட வேண்டும் என்றதற்குத்தான் மனம் ஒப்பவில்லை. அப்போது விழித்துக்கொண்டு அல்லவா படுத்திருக்க வேண்டும்.

மயக்கம் தெளிந்தபோது கட்டில் பக்கத்தில் மகன் உட்கார்ந்திருந்தான். சின்னக் கட்டி என்று மட்டும் மருமகள் சொல்லியிருந்தாள். "வலிக்குதாம்மா?" என்று குளுக்கோஸ் பாட்டிலைப் பார்த்துக் கேட்டான். எங்கே என்று கேட்கவில்லை. எடுத்த கட்டியிலும் கேன்சர் இல்லை என்று பிறகு சொன்னார்கள்.

ஆறு மாதம் ஆனது. மருமகளுக்கு அன்று லீவு கிடைக்கவில்லை. அடுத்த மாதம் போகலாம் என்றேன். பிறகு மறந்துவிடலாம் என்பதுதான் என் எண்ணம். "நான் கூட்டிட்டுப் போறேன்," என்று மகன் சாவியை எடுத்தான்.

ஆஸ்பத்திரியில் பெஞ்சு நிறைய ஆண்கள். கவுண்டரில் இருந்த பெண் என்னைக் கேட்டாள்.

"பாட்டி, என்ன பிரச்சனைக்கு வந்திருக்கீங்க?"

மகன் பின்னால் நின்றான். வயிறு என்று சொல்லலாமா என்று நினைத்தேன். வேறு டாக்டரிடம் அனுப்பிவிடுவார்கள், காட்டாமலே வீட்டுக்கு வந்துவிடலாம். நர்ஸ் கண்ட அந்தத் தடம் ஞாபகம் வந்தது. மறைத்து மறைத்து வைத்ததால் வந்ததுதானே அது.

"மார்புக்கு," என்றேன்.

"கேக்கல பாட்டி."

"மார்புல ஆபரேஷன் பண்ணாங்க. காட்ட வந்திருக்கேன்."

பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் முகம் எரிந்தது. மகன் செல்போனைப் பார்த்துக்கொண்டே முன்னால் போய், ஒருவரைத் தள்ளி உட்காரச் சொல்லி எனக்கு இடம் பிடித்தான். நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, பேர் கூப்பிடும் வரை தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.