சீமோன் மிதித்த பாட்டு

ரொறொன்ரோவில் மோர்னிங்சைட் பக்கம் நகர பஸ் ஓட்டுகிற விநாயகமூர்த்தியை உங்களுக்குத் தெரியாவிட்டால், ஒருக்கால் அவன் வீட்டுக்குச் சாப்பிடப் போய்ப் பாருங்கள். நீங்கள் கை கழுவ முதல் மனுசன் ஒரு இசைத்தட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவான். தட்டு மட்டுமா? அதன் உறையைப் பாய் விரிக்கிற மாதிரி விரித்து, ஆகாயத்தில் மிதக்கிற மலையையும் அதிலிருந்து வழிகிற அருவியையும் காட்டுவான். பிறகு பாட்டு. தட்டின் ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு. வந்தவர்கள் பாதியிலேயே "அப்ப நாங்கள் வாறம் அண்ணை" என்று சப்பாத்தைத் தேடத் தொடங்கிவிடுவார்கள்.

"உவருக்குப் பயந்துதான் எங்கட வீட்டுக்கு ஒரு சனமும் வாறேல்லை" என்பாள் மனுசி யோகமலர்.

அந்த இசைக்கு புரோகிரெசிவ் றொக் என்று பேர். எழுபதுகளில் இங்கிலாந்துப் பெடியள் சிலருக்கு மூன்று நிமிஷக் காதல் பாட்டு அலுத்துப்போனது. தேவாலயத்து ஓர்கனையும் புல்லாங்குழலையும் கிற்றாரோடு சேர்த்து, தாளத்தை ஏழு தட்டு, பதினொரு தட்டு என்று முறுக்கி, பாட்டைக் கதை மாதிரி நீட்டினார்கள். சனம் மைதானம் நிறையக் கூடிக் கேட்டது. பிறகு வந்த இளசுகள் 'உதென்ன பெரிய வித்துவக் கூத்து' என்று நக்கலடித்து அவர்களை ஓரங்கட்டினார்கள். இந்த இடம் வந்தால் மூர்த்திக்கு மூக்கு நுனியில் கோபம் வரும். "விடிய விடியக் கூத்துப் பாத்த சனமடா நாங்கள். இருபது நிமிஷம் எங்களுக்கு ஒரு நீளமே?" என்று, கேட்காதவனிடமும் கேட்பான்.

இந்த விசர் அவனுக்குப் பிடித்தது யாழ்ப்பாணத்தில், தொண்ணூறுகளின் தொடக்கத்தில். போரால் கரண்டும் இல்லை, பற்றரிக்கும் தடை. லண்டனுக்குப் போன சித்தப்பா விட்டுவிட்டுப் போன கசெற் ஒன்று மட்டும் இருந்தது, அதில் இந்தப் பாட்டு. சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோவிலிருந்து ரேப் றெக்கோடருக்கு வயர் இழுத்து, ஒருவன் மிதிக்க மற்றவன் கேட்பான். மூர்த்திக்குச் சின்னனிலிருந்தே தொய்வு வருத்தம். நாலு மிதி மிதித்தால் நெஞ்சு விசிலடிக்கும். அதனால் எப்போதும் மிதித்தது பக்கத்து வீட்டுச் சீமோன். பனங்குற்றி மாதிரிக் கால் அவனுக்கு. பாட்டை மூர்த்தி கேட்டான், சங்கிலிச் சத்தத்தைச் சீமோன் கேட்டான். மூர்த்தி அப்படித்தான் நினைத்திருந்தான், அது அவனை உறுத்திக்கொண்டே இருந்தது.

"கரண்ட் லைன் வரட்டும்டா. நீ கதிரையில இருந்து முழுசாக் கேக்க வேணும். அதுக்கு நான் பொறுப்பு" என்று சொல்லியிருந்தான்.

லைன் வர முதல் இடப்பெயர்வு வந்தது. சீமோன் வன்னிக்குப் போனான். மூர்த்தி எப்படியோ ரொறொன்ரோ வந்து சேர்ந்தான்.

வந்து முதல் சம்பளத்தில் வாங்கியது அந்தத் தட்டைத்தான். வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டால், பாட்டின் நடுவில் ஓர்கன் தனியாக வருகிற இடம் பிழைத்துப்போயிருந்தது! ஊரில் அந்த இடம் ஆறுதலாக, பெருமூச்சு மாதிரி வந்தது. இங்கே பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற மாதிரி ஓடியது. தட்டைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போய்ச் சண்டை பிடித்தான். கடைக்கார வெள்ளைக்காரக் கிழவன் நல்ல மனுசன், வேறு தட்டு மாற்றிக் கொடுத்தார். அதுவும் ஓடியது. மூன்றாம் தரம் போனபோது அவனைக் கண்டதுமே கிழவன் கடையின் பின்பக்கம் போய் ஒளிந்துகொண்டாராம்.

பிறகு இரண்டாயிரத்து ஒன்பது வந்தது. அந்த வசந்தம் முழுக்க மூர்த்தியும் எல்லோரையும் போல, போரை நிறுத்தச் சொல்லி வீதியில் நின்று கத்தினான். மே மாதத்தில் போர் முடிந்தது என்றார்கள். சீமோன் இருக்கிறானா இல்லையா என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மூர்த்தி ஸ்காபரோ பிள்ளையார் முன் நின்று, சீமோன் உயிரோடு வந்து பக்கத்தில் இருக்கும்வரை வந்தவன் போனவனுக்கெல்லாம் போட்டுக் காட்டிய அந்தப் பாட்டை இனிக் கேட்பதில்லை என்று நேர்த்தி வைத்தான்.

"ஆட்டை நேந்துவிட்ட சனத்தைக் கண்டிருக்கிறன், கோழியை நேந்துவிட்டதையும் கண்டிருக்கிறன். பாட்டை நேந்துவிட்ட மனுசனை இண்டைக்குத்தான் காணுறன்" என்றாள் யோகமலர். ஆனால் வாரத்துக்கொருக்கால் அந்தத் தட்டுறையைத் தூசி தட்டி வைத்தது அவள்தான்.

சீமோன் இருந்தான். முகாமில் இருந்தான், பிறகு கப்பலில் இருந்தான், பிறகு கனடாவின் மேற்குக் கரையோரம் தடுப்பு முகாமில் இருந்தான். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், யாரோ கொடுத்த பெரிய ஜக்கெற்றுக்குள் மெலிந்துபோய், மூர்த்தியின் வாசலில் நின்றான். மகள் துர்க்கா "அப்பா, ஹீ இஸ் ஹியர்!" என்று கத்தினாள். இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுது, சிரித்து, யோகமலரின் மீன் ரோல்ஸில் ஒரு தட்டத்தைக் காலியாக்கினார்கள்.

மூர்த்தியால் பொறுக்க முடியவில்லை. கூட்டாளியை பேஸ்மென்றுக்கு இழுத்துக்கொண்டு போய், வீட்டிலுள்ள நல்ல கதிரையில் இருத்தி, ஊசியைத் தட்டில் வைத்தான்.

சீமோன் இருந்து கேட்டான். கொஞ்ச நேரத்தில் அவனுடைய குதிக்கால் இரண்டும் மாறி மாறி நிலத்தில் தட்டத் தொடங்கின. மூர்த்தி பாட்டைக் கேட்கவேயில்லை, அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இவனுக்குப் பிடிக்காமல் போனால் என்ன செய்வது? இவ்வளவு காலம் காத்தது வீணாய்ப் போய்விடுமே! ஓர்கன் வந்தது. சீமோன் முகம் சுளித்தான்.

"நிப்பாட்டு. உந்த இடம் பிழை."

"உனக்கும் பிழையோ?" மூர்த்தி துள்ளி எழும்பினான். "உதைத்தான் நான் கடைக்காரனுக்குச் சொன்னனான்! ஊரில மெதுவா எல்லோ வந்தது?"

சீமோன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அட விசரா! அது நானடா. மிதியை நான்தான் குறைச்சனான், ரேப்பும் மெதுவா ஓடினது."

"களைச்சுப் போனியோ?"

"களைக்கிறதோ? நானோ?" சீமோனுக்கு ரோசம் வந்துவிட்டது. "இந்த இடம் வரேக்க நீ கண்ணை மூடிக்கொண்டு இருப்பாய். உன்ர நெஞ்சு விசிலும் நிண்டிடும். உது கெதியா முடியக்கூடாதெண்டு பையப் பைய மிதிச்சனான்."

மூர்த்தி கண்ணாடியைக் கழற்றிச் சேர்ட்டில் துடைத்தான். கடைசியில், "அப்ப நீயும் கேட்டனியோ?" என்றான்.

"மிதிக்கிறவனுக்குக் காது இல்லையோ? ஒவ்வொரு நாளும் கேட்டனான்."

சீமோன் எழும்பி வந்தான். ஊசியைக் கொஞ்சம் பின்னுக்குத் தூக்கி வைத்தான். ஓர்கன் வந்ததும், சுழல்கிற தட்டின் விளிம்பில் ஒரு விரலை மெல்ல வைத்தான். பாட்டு தாழ்ந்து, தடித்து, பெருமூச்சு மாதிரி வந்தது. மூர்த்தி அந்தக் கதிரையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான்.

"என்னப்பா, மெசின் பழுதாப் போச்சோ?" என்று மேலேயிருந்து யோகமலர் கேட்டாள்.

"இல்லையப்பா," என்றான் மூர்த்தி, கண்ணைத் திறக்காமலே. "இப்பத்தான் சரியா ஓடுது."