டீச்சரின் ஹிந்திப் பக்கங்கள்

ஆரப்பாளையத்துல டிடிபி கடை வச்சிருந்தப்ப ஹிந்தியும் அடிச்சுக் கொடுப்பேன். எனக்கோ ஹிந்தியில ஒரு எழுத்து தெரியாது. எந்தக் கீயை அழுத்தினா எந்த உருவம் வரும்னு ஒரு அட்டையை மானிட்டர் பக்கத்துல ஒட்டிவச்சு, உருவத்தைப் பாத்து அடிக்கிறதுதான். சில எழுத்து அட்டையில இருக்காது. பாதி எழுத்து ஒண்ணைப் போட்டு, பக்கத்துல நெட்டுக்குத்தா ஒரு கோடு போட்டு நிறுத்திருவேன். பேப்பர்ல அச்சு அசலா இருக்கும். அம்புட்டுத் திமிர் எனக்கு.

மிஷன் ஸ்கூல் ஹிந்தி டீச்சர் ஒருத்தர், வீட்டுக்காரர் இறந்த வருசம், அவரைப் பத்தி எழுதின நோட்டு ஒண்ணு கொண்டாந்தாங்க. "தமிழ்ல எழுதினா வீட்ல ஆளாளுக்கு எடுத்துப் படிப்பாங்க தம்பி. உனக்கும் ஹிந்தி தெரியாது, நல்லதாப் போச்சு"ன்னாங்க. நாற்பது பக்கம். பக்கத்துல உக்காந்து டீ குடிச்சுக்கிட்டே, நான் அடிக்கிறதைப் பாத்துக்கிட்டிருப்பாங்க. அந்த மத்தியானங்களை நெனைச்சா இப்பவும் ஏக்கமா இருக்கு.

போன மாசம் அவங்ககிட்டயிருந்து போன். பார்வை போயிருச்சாம். நோட்டைக் கரையான் தின்னுருச்சாம். "நீ அடிச்சது இருக்கா? செல்போனே வாசிச்சுக் காட்டுமாமே?"

பழைய சிடியைத் தேடி எடுத்து, செல்போனுக்குப் புரியுற யூனிகோடு எழுத்துக்கு மாத்தி, அவனியாபுரத்துல அவங்க வீட்டுக்குக் கொண்டுபோய் வாசிக்கவிட்டேன். ஆத்தாடி! பழைய ஃபாண்ட்ல உள்ள இருந்தது பூரா இங்கிலீஷ் எழுத்து, வெளியதான் ஹிந்தி வேஷம். முக்கால்வாசி சரியா மாறிருச்சு. நான் கோடு நிறுத்தி ஒப்பேத்தின இடத்துலெல்லாம் செல்போன் உளறுச்சு.

"ஏந்தம்பி, எங்க வீட்டுக்காரரை இப்படிப் பிச்சுப் போட்டிருக்கே?"ன்னு டீச்சர் சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரல. தன் வினை தன்னைச் சுடும்.

ஒரு வாரம் தெனமும் போனேன். உளறுற இடத்துல நிறுத்துவேன். சரியான வார்த்தையை டீச்சர் செல்போன்கிட்டச் சொல்லுவாங்க, அது தானா எழுதிக்கும். அதை எடுத்துத் தப்பு இருந்த இடத்துல வைப்பேன்.

கடைசி நாள் முதல் பக்கத்துலயிருந்து ஓடவிட்டேன். எங்கயும் தட்டல. டீச்சர் உதடு அசைஞ்சுக்கிட்டே இருந்துச்சு, செல்போனுக்கு ஒரு வார்த்தை முன்னாடியே.

"மனப்பாடமா வச்சிருக்கீங்களே டீச்சர்! பெறகு எதுக்கு இம்புட்டு மெனக்கெட்டோம்?"

"எம்புட்டு நாளைக்குப்பா எனக்கு நானே சொல்லிக்கிட்டிருக்கிறது? வேற ஒரு குரல் அவரைப் பத்தி எங்கிட்டப் பேசிக் கேக்கணும்னு இருந்துச்சு."